பையும் ஒரு குமிழிதான்: காசிமேட்டுக் கடலுக்கான தாழ் அதிர்வெண் ஒலிமூலம், ஒரு நிகழ்வு ஆய்வு

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை, கரையை ஒட்டிய கடலில் ஆறேழு பாகம் (சுமார் 12 மீட்டர்) ஆழத்தில் ஹைட்ரோஃபோன்களை, அதாவது நீருக்கடி மைக்குகளை, தொங்கவிட்டு மீன் ஒலி பதிவு செய்ய ஓர் ஏற்பாடு. கத்தாளை, பன்னா இனங்கள் தம் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து எழுப்பும் ஒலி பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்சில் இருக்கும். பதிவாகும் அளவு சரிதானா என்று பார்க்க, தெரிந்த அளவில் ஒலிக்கும் ஒரு மூலத்தை அதே இடத்தில் நீருக்குள் இறக்க வேண்டும். கேட்கப்பட்டது இவ்வளவுதான்: 100 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை, 1 மீட்டர் தூரத்தில் 154 டெசிபல், 15 மீட்டர் ஆழம் வரை மாறாத அளவு, ஃபைபர் போட்டில் இரண்டு பேர் தூக்கி இறக்கும் எடை, 24 வோல்ட் பேட்டரி.

மூன்று வடிவங்கள் செய்யப்பட்டன. முதலாவது நாலு மீட்டரில் நின்றுபோனது. இரண்டாவது எல்லா ஆழத்திலும் ஒலித்தது, ஆனால் அளவு பொய் சொன்னது. மூன்றாவதுதான் வேலை செய்கிறது. இரண்டாவதில் நடந்த தவறு பலருக்கும் நடக்கக்கூடியது என்பதால் அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நீரைத் தள்ள வேண்டும்

நீரில் டெசிபலின் அடிப்படை 1 மைக்ரோபாஸ்கல். காற்றில் பேசும் டெசிபலோடு இதை ஒப்பிடக் கூடாது. 154 டெசிபல் என்றால் 1 மீட்டரில் 50 பாஸ்கல், ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) கணக்கில்.

100 ஹெர்ட்சில் கடல்நீரில் ஒலியின் அலைநீளம் 15 மீட்டருக்கு மேல். இரண்டு கைக்குள் அடங்கும் கருவி அந்த அலைக்கு முன்னால் ஒரு புள்ளி. புள்ளி மூலத்துக்குக் கணக்கு ஒன்றுதான்: அழுத்தம் = 3.14 × நீரின் அடர்த்தி × அதிர்வெண்ணின் வர்க்கம் × தள்ளும் கன அளவு ÷ தூரம். அடர்த்தி 1025 என்று போட்டால், 500 ஹெர்ட்சுக்கு உச்ச அளவில் 0.09 கன சென்டிமீட்டர் நீரைத் தள்ளினால் போதும். 150 ஹெர்ட்சுக்கு 1 கன சென்டிமீட்டர். 100 ஹெர்ட்சுக்கு 2.2. அதிர்வெண் பாதியானால் தள்ள வேண்டிய நீர் நான்கு மடங்கு.

இதே 154 டெசிபலை ஒலிச் சக்தியாக மாற்றினால் 21 மில்லிவாட்தான் வரும். இவ்வளவு சின்ன சக்திக்கு ஏன் பெரிய ஆம்ப்ளிஃபையர் என்ற கேள்வி எழுவது இயல்பு. தரும் சக்தியில் பெரும்பகுதி ஒலியாக வெளியே போவதில்லை. நீரைத் தள்ளும் தட்டான பிஸ்டனின் முன்னால் ஒட்டிக்கொண்டு ஆடும் நீரை முன்னும் பின்னும் அசைப்பதற்கான மின்னோட்டம் காயிலைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

செராமிக்கை ஏன் ஒதுக்கினோம்

நீருக்கடி ஒலி என்றதும் பீசோ செராமிக் வளையம்தான் முதலில் நினைவுக்கு வரும். 100 மி.மீ. விட்டம், 100 மி.மீ. உயரம், 6 மி.மீ. சுவர் உள்ள, பிஇசட்டி-4 என்ற செராமிக் வகை வளையத்துக்கு 1,200 வோல்ட் உச்சம் கொடுத்தால் சுவர் வெளிப்பக்கமாக நகர்வது சுமார் 1.2 மைக்ரான். அந்த நகர்வு தள்ளும் நீர் 0.04 கன சென்டிமீட்டரை எட்டாது. 100 ஹெர்ட்சுக்குத் தேவையில் 57இல் ஒரு பங்கு. அந்த வளையத்தின் ஒத்ததிர்வு (தானாகவே பலமாக அதிரும் அதிர்வெண்) காற்றில் 10 கிலோஹெர்ட்சை ஒட்டி இருக்கும். அதன் வீடு அங்கேதான்.

நீள்வட்ட ஓடு ஒன்றை நெளியவைக்கும் ஃப்ளெக்ஸ்டென்ஷனல் வகை சக்தி மிக்கது. ஆனால் ஒத்ததிர்வைச் சுற்றிய குறுகிய பட்டையில்தான் நன்றாக ஒலிக்கும்; அந்த ஓடு செய்வதும் எளிதல்ல. 1991 ஜனவரியில் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவருகே நடந்த சோதனையில் 57 ஹெர்ட்ஸ் ஒலியைக் கடல்களுக்கு அப்பால் அனுப்ப ஹைட்ராலிக் இயந்திரங்களைத்தான் நாடினார்கள். நம் தேவை அவ்வளவு பெரிதல்ல. காந்தமும் காயிலும் போதும். 1914இல் ரெஜினால்ட் ஃபெஸ்ஸெண்டன் என்ற பொறியாளர் பனிப்பாறையை எதிரொலியால் கண்டறிந்த கருவியும் மின்காந்த விசையால் தகட்டை ஆட்டியதுதான்.

உடலும் உறுப்பும்

பிஸ்டன்: 140 மி.மீ. விட்டம், 8 மி.மீ. தடிமன் அலுமினியத் தட்டு. அது உட்காரும் உறைக் குழாயின் வாய் 160 மி.மீ. நடுவே 10 மி.மீ. அகல ரப்பர் வளையம். பயன்படு விட்டம் 150 மி.மீ., பரப்பு 177 சதுர சென்டிமீட்டர். ரப்பர், கேன்வாஸ் உள்ளே வைத்த 3 மி.மீ. நியோப்ரீன் ஷீட். வெறும் ரப்பர் போட்டால் பிஸ்டன் வெளியே போகும்போது வளையம் மட்டும் உள்ளே குழியும். தள்ளிய நீரில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும்.

காந்தமும் காயிலும் 10 அங்குல கார் சப்வூஃபரிலிருந்து கழற்றியவை. காயில் விட்டம் 50 மி.மீ., சுற்று உயரம் 20 மி.மீ., காந்தத்தின் மேல் தகடு 8 மி.மீ. ஆகவே நடுநிலையிலிருந்து இரு பக்கமும் 6 மி.மீ. வரை விசை குறையாது. விசைக் கெழுவை அறிய, பிஸ்டனை மேல் நோக்கி வைத்து அதன் உயரத்தைக் குறித்துக்கொண்டு, 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் கொடுத்து, மீண்டும் அதே உயரத்துக்கு இறங்கும் வரை எடைக்கல் ஏற்ற வேண்டும். ஒன்றரைக் கிலோ ஏறியது. அதாவது ஆம்பியருக்கு 15 நியூட்டன்.

பிஸ்டன், காயில், இரண்டையும் இணைக்கும் அடாப்டர் எல்லாம் 0.45 கிலோ. கூடவே ஆடும் நீர் சுமார் 0.9 கிலோ. இந்த நீரின் நிறையைக் கணக்கில் சேர்க்காமல் வரைந்த வடிவம் எதுவும் நீரில் சொன்னபடி ஒலிக்காது. சரிபார்ப்பது எளிது: காயிலோடு தொடராக 10 ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதிர்வெண்ணை மெல்ல ஏற்றி, காயிலின் மின்னழுத்தம் உச்சமாகும் இடத்தைக் குறிக்க வேண்டும். காற்றில் 66 ஹெர்ட்ஸ், நீரில் 38 ஹெர்ட்ஸ். இரண்டின் விகிதத்தை வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்தால் 2 வருகிறது. நீரின் நிறை, ஆடும் உலோகத்தின் நிறையைப்போல் இரு மடங்கு.

ஒத்ததிர்வுக்கு மேலே, மாறாத மின்னோட்டம் கொடுத்தால் ஒலி அளவும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். 154 டெசிபலுக்கு உச்ச விசை 66 நியூட்டன், மின்னோட்டம் 3.1 ஆம்பியர் ஆர்எம்எஸ், 3.5 ஓம் காயிலில் 34 வாட் வெப்பம். காயிலின் இண்டக்டன்ஸ்தான் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) மேல் எல்லை. 1.5 மில்லிஹென்றி இருந்தபோது 500 ஹெர்ட்சில் 19 வோல்ட் தேவைப்பட்டது. 24 வோல்ட் பேட்டரியில் பிரிட்ஜ் முறை ஆம்ப்ளிஃபையர் 17 வோல்ட்டுக்கு மேல் தராது. காந்தத்தின் நடுத்தண்டின் மேல் ஒரு செம்பு வளையம் இறுக்கியதும் இண்டக்டன்ஸ் 1 மில்லிஹென்றிக்கு இறங்கியது. 30 மீட்டர் கேபிளையும் சேர்த்து 15.6 வோல்ட்டில் வேலை முடிந்தது.

முதல் வடிவம்: 180 கிலோ

முதல் வடிவம் நாலு பக்கமும் மூடிய பெட்டி. ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் தெளிவாக ஒலித்தது. கடலில் மூன்று மீட்டரைத் தாண்டியதும் அளவு சரிந்து, நாலு மீட்டரில் கரகரத்து அடங்கியது.

திறந்து பார்த்தபோது காயில் குழாயின் அடி விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி, வார்னிஷ் உரிந்து செம்பு பளபளத்தது. பின்தகட்டில் அதே வட்டத்துக்குப் பிறை வடிவில் ஒரு தடம். காயில் இடித்த தடம் அது.

10 மீட்டர் ஆழத்தில் 177 சதுர சென்டிமீட்டர் தட்டின் மேல் நீர் அழுத்தும் விசை சுமார் 1,780 நியூட்டன், 180 கிலோ எடைக்குச் சமம். ரப்பரும் உள்ளே அடைந்த காற்றும் சேர்ந்து எதிர்க்கும் விறைப்பு மில்லிமீட்டருக்கு 73 நியூட்டன். ஆகவே ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் பிஸ்டன் ஏறக்குறைய 2.5 மி.மீ. உள்ளே போகும். மூன்றாவது மீட்டரில் 6 மி.மீ. எல்லை கடந்தது, நான்காவதில் காயில் பின்தகட்டில் இடித்தது. 100 ஹெர்ட்சில் பிஸ்டனுக்குத் தேவையான உச்ச அசைவோ 0.125 மி.மீ., ஒரு முடியிழையின் தடிமன் அளவு. அந்த முடியிழை அசைவை நடுநிலையில் வைத்திருப்பதற்குத்தான் இத்தனை பாடும். ரப்பரை இன்னும் விறைப்பாக்கிச் சமாளிக்கலாம் என்பது தவறான வழி: ஒத்ததிர்வு மேலே ஏறி 100 ஹெர்ட்சைத் தின்றுவிடும்.

இரண்டாம் வடிவம்: பை

உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை வெளிநீரின் அழுத்தத்தோடு சமப்படுத்துவதே சரியான வழி. ஒரு மென்பையைக் காற்றோடு வெளியே வைத்து, குழாயால் பெட்டியோடு இணைத்தால், ஆழம் போகப்போக நீர் பையை நசுக்கி உள்ளே காற்றைத் தள்ளும். பையின் அளவுக்குப் பாயில் விதி (அழுத்தம் இரு மடங்கானால் காற்றின் கன அளவு பாதி) போதும்: பத்து மீட்டருக்குப் பெட்டியின் காற்றளவுக்குச் சமம். 15 மீட்டருக்கு ஒன்றரை மடங்கு. ஆகவே முதல் வேலை, பெட்டிக்குள் வீணாக இருக்கும் காலி இடத்தைக் குறைப்பது. அலுமினியக் கட்டைகளை நிரப்பிக் காற்றை 2.5 லிட்டராக்கினால் 15 மீட்டருக்கு 3.7 லிட்டர் பை போதும்.

வியாசர்பாடியில் எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைக்கும் 5ஆம் எண் ஃபுட்பால் பிளாடர் முழுதாக ஊதினால் ஐந்தரை லிட்டர் பிடிக்கும். அதைத் தளர்வாக 4.5 லிட்டர் ஊத வேண்டும். விறைக்க ஊதிக் காலை வெயிலில் போட்டில் வைத்தால் காற்று விரிந்து பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். 4.5 லிட்டரில் பை முழுதாக வற்றும் ஆழம் 18 மீட்டர். அதற்குக் கீழே மீண்டும் முதல் வடிவத்தின் கதைதான்.

பிளாடர் பெட்டியின் பக்கவாட்டில், பிஸ்டன் நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தொங்கியது. 12 மீட்டர் வரை ஒலி கரகரப்பில்லாமல் வந்தது. ஆனால் 100 ஹெர்ட்சில் அளவு, 2 மீட்டர் ஆழத்தில் கணக்கைவிட 4 டெசிபல் குறைவு. 10 மீட்டரில் 5 டெசிபலுக்கு மேல் குறைவு. 150 ஹெர்ட்சிலோ தலைகீழ்: ஆழம் போகப்போக இழப்பு குறைந்தது. தெரிந்த அளவில் ஒலிக்க வேண்டிய கருவிக்கு, குறைவதைவிட இப்படி மாறுவது பெரிய குற்றம்.

சந்தேகம் முதலில் குழாயின் மேல் விழுந்தது. பிஸ்டனின் பின்பக்கக் காற்று 10 மி.மீ. குழாய் வழியே பைக்குப் போய் எதிர்க்கட்டத்தில் (பிஸ்டன் தள்ளும்போது உள்வாங்கி, உள்வாங்கும்போது தள்ளி) நீரை ஆட்டுகிறது என்ற எண்ணம். கணக்குப் பார்த்தால் அந்தக் குழாயும் பையும் சேர்ந்த ஒத்ததிர்வு 16 ஹெர்ட்ஸ் அருகில். 100 ஹெர்ட்சில் அதன் வழியே கசிவது 3 விழுக்காட்டுக்குக் கீழ். 2 மீட்டர் ஆழத்தில் நிறுத்திக் குழாயை அடைத்துவிட்டு அளந்தபோதும் இழப்பு அப்படியே இருந்தது. குழாய் நிரபராதி.

பிறகு பையை நீளக் குழாயில் மாட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து அளந்தோம். 4 டெசிபல் இழப்பு அரை டெசிபலுக்குள் சுருங்கியது. குற்றவாளி பை இருக்கும் இடம்.

நீரில் தொங்கும் காற்றுப்பை ஒரு குமிழி. கத்தாளையின் வயிற்றில் இருப்பதும் இதுவே. மேற்பரப்பருகே, குமிழியின் ஆரத்தை மீட்டரில் எடுத்து 3.26ஐ அதனால் வகுத்தால் அதன் ஒத்ததிர்வு கிடைக்கும். 4.5 லிட்டர் பைக்கு 32 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வுக்கு மேலான எந்த ஒலி அதன் மேல் பட்டாலும், குமிழி எதிர்க்கட்டத்தில் சுருங்கி விரியும். பிஸ்டன் தள்ளும் நீரில் ஒரு பங்கைப் பை விழுங்கிக்கொள்கிறது. விழுங்கும் பங்கு, பையின் ஆரத்தைத் தூரத்தால் வகுத்த அளவு. ஒத்ததிர்வு நெருங்கினால் இன்னும் கூடும். 10 மீட்டரில் பை 1 லிட்டராகச் சுருங்கும்போது அதன் ஒத்ததிர்வு 74 ஹெர்ட்சுக்கு ஏறுகிறது. 100 ஹெர்ட்சுக்கு அது பக்கத்து வீடு. அதனால்தான் அங்கே இழப்பு கூடியது. 150 ஹெர்ட்ஸ் தொலைவில் இருப்பதால், சிறுத்த பை அங்கே குறைவாகவே விழுங்கியது.

மூன்றாம் வடிவம்: பைக்கு ஓர் அறை

பையைத் தள்ளித் தொங்கவிடுவது தீர்வாகாது. அலையில் அது ஆடும், மட்டம் மாறும். பை வேண்டும், ஆனால் 100 ஹெர்ட்சுக்கு அது இல்லாததுபோல் இருக்க வேண்டும். ஆழம் மாறுவது நிமிடக் கணக்கில் நடக்கிறது, ஒலி நொடிக்கு நூறு முறை ஆடுகிறது. மெதுவானதை விட்டு வேகமானதைத் தடுக்கும் வாசல் வைத்தால் இரண்டும் நடக்கும்.

160 மி.மீ. தடித்த பிவிசி குழாய், 350 மி.மீ. நீளம், இரு முனையிலும் குவிந்த மூடி. உள்ளே பிளாடர். சுவரில் 10 மி.மீ. துளைகள் நான்கு. துளைக்குள் நுழையும் நீர்த்துண்டுக்கு நிறை அதிகம். 100 ஹெர்ட்சில் அதை அசைக்க ஒலிக்கு வலு போதாது. பை விழுங்கும் அளவு திறந்த பையைப்போல் ஐம்பதில் ஒன்றாகிறது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறக்கினாலும் துளைகளில் நீரின் வேகம் 1 மீட்டரைத் தொட்டும் தொடாமல் இருக்கும். பிஸ்டன் கால் மில்லிமீட்டர் அளவில் நகர்ந்து மீண்டும் நடுநிலைக்கு வரும். ஒரே துளை வைத்து மிச்சம் பிடிக்க நினைத்தால் இறங்கும்போது காயில் இடிக்கும் அபாயம் உண்டு.

பெட்டிக்கும் பைக்கும் நடுவில் 2 மி.மீ. துளையுள்ள 50 மி.மீ. நீளப் பித்தளைத் துண்டு. சமப்படும் நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்குதான். அந்தத் துளையில் கிரீஸ் துளியோ நீர்த்துளியோ அடைத்தால் கருவி சத்தமில்லாமல் முதல் வடிவமாக மாறிவிடும். ஒவ்வொரு முறை இறக்கும் முன்னும் பிளாடரைக் கையால் மெல்ல அழுத்தி, பிஸ்டன் வெளியே நகர்வதை விரலால் தொட்டுப் பார்ப்பது கட்டாயம்.

அறையும் பிஸ்டனும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பை 10 செ.மீ. மேலே இருந்தால் பிஸ்டனில் 18 நியூட்டன் கூடுதல், 0.3 மி.மீ. நகர்வு. 30 செ.மீ. மேலே கட்டினால் கிட்டத்தட்ட 1 மி.மீ. அறையைப் பெட்டியின் பக்கத்தில் கிடையாக வைத்து, தொங்கும் கயிற்றை இரண்டு புள்ளியில் கட்டினால் போதும்.

இந்த வடிவம் 2 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை 100 ஹெர்ட்சில் 1 டெசிபலுக்குள் நின்றது. ஒத்ததிர்வு ஆழத்தோடு சற்று ஏறும். கணக்குப்படி 15 மீட்டரில் 44 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்சை அது தொடாது.

அளப்பது எங்கே

தொட்டியில் தாழ் அதிர்வெண்ணை அளக்க முடியாது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஒலியியல் தொட்டி 16 மீட்டர் நீளம், 9 அகலம், 7 ஆழம். அவ்வளவு பெரிய தொட்டியிலும் நடு ஆழத்தில் மூலத்தையும் 1 மீட்டரில் ஹைட்ரோஃபோனையும் வைத்தால், மேற்பரப்பு எதிரொலி 4 மில்லிநொடியில் வந்துவிடும். 100 ஹெர்ட்சின் ஓர் அலையே 10 மில்லிநொடி.

திறந்த கடலில் 12 மீட்டர் ஆழத்தில், மூலத்தை 5 மீட்டரில் நிறுத்தி 1 மீட்டரில் அளந்தால், மேற்பரப்பு எதிரொலியின் பலம் பத்தில் ஒன்று, அடித்தரையினுடையது அதற்கும் குறைவு. இரண்டும் சேர்ந்து மோசமான நிலையில் ஒன்றரை டெசிபல் பிழை. கணக்கிட்டுத் திருத்தினால் அதுவும் குறையும். மைனஸ் 180 டெசிபல் (மைக்ரோபாஸ்கலுக்கு 1 வோல்ட் என்பது அடிப்படை) உணர்திறன் உள்ள ஹைட்ரோஃபோனில் 154 டெசிபலுக்கு 50 மில்லிவோல்ட் வர வேண்டும்.

நூறு மீட்டர் தள்ளி அளந்து, ஒலி வரவில்லை என்று கருவியைக் குறை சொல்லக் கூடாது. ஆழமற்ற கடலுக்கே ஒரு கீழ் எல்லை உண்டு. 12 மீட்டர் நீரில், மணல் தரையில் ஒலி வேகம் நொடிக்கு 1,650 மீட்டர் என்று கொண்டால், சுமார் 90 ஹெர்ட்சுக்குக் கீழ் ஒலி தூரம் போகாது. 8 மீட்டர் நீரில் அந்த எல்லை 130ஐத் தாண்டும்.

இரைச்சலும் ஒரு தடை. விசைப்படகுகளின் டீசல் என்ஜின் இரைச்சல் இதே பட்டையில்தான் விழுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் கடல்காற்று எழுவதற்கு முந்தைய காலை நேரத்தைவிட அளவீட்டுக்கு நல்ல பொழுது கிடையாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரைக்கு முட்டையிட வரும் காலம். ஆமையின் செவி தாழ் அதிர்வெண்ணுக்கானது. அந்த மாதங்களில் கருவியை நீரில் இறக்கவே கூடாது. துறைமுக எல்லைக்குள் இறக்க முன்அனுமதி வேண்டும்.

உப்புநீர் கெடுப்பவை

போர்வெல் மோட்டாருக்கு வரும் தட்டைக் கேபிள் மலிவு, ஆனால் கேபிள் நுழையும் வட்ட கிளாண்டில் அதன் இரு ஓரத்திலும் நீர் புகும். உருண்டை ரப்பர் உறைக் கேபிள், 2.5 சதுர மி.மீ. வாங்க வேண்டும். உறை கிழிந்தால் நீர் செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து பெட்டிக்குள் வரும். நுழைவாயிலில் 20 மி.மீ. அளவுக்கு உறையை உரித்து, இழைகளை ஈயத்தால் நிரப்பி, எபாக்சியில் மூழ்கடித்தால்தான் அந்த வழி அடைபடும்.

மூடியின் ஓ-ரிங் 4 மி.மீ. என்றால் பள்ளத்தின் ஆழம் 3.2 மி.மீ. லேத்தில் பள்ளத்தை முடித்ததும் நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டும் கீறல் எதுவும் இருக்கக் கூடாது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராக உட்கார்ந்தால் சில வாரத்தில் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். நைலான் புஷ் போட்டு, ஒரு துத்தநாகத் துண்டையும் உடலில் மாட்ட வேண்டும். பிளாடரில் பெட்ரோல் படக் கூடாது. பட்ட இடம் ஊதி மெலியும். போட்டின் எரிபொருள் கேன் பக்கத்தில் அறையை வைக்காமல் முன்பக்கம் கட்டுவது நல்லது. துளைகளில் சிப்பி அடைக்காமலிருக்க ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, 10 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் நான்கு துளையிலும் ஒருமுறை சுழற்றி எடுத்தால் போதும்.

தொடர்ந்து ஒரே சுருதியை ஒலிக்கும்போது 30 நொடி ஒலி, 60 நொடி ஓய்வு. காயிலைச் சுற்றி இருப்பது அடைந்த காற்று. வெளியே கடல் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தச் சூடு நீருக்கு வந்துசேர நேரம் பிடிக்கும்.